இது குப்பையா? தூய்மையும் இயற்கையும் சேர்ந்த தமிழ்ப் படநூல் செய்வது எப்படி

சிங்கப்பூரில் ஒரு பிள்ளை வீட்டிலிருந்து இறங்கிப் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள், குப்பை போடாதே என்று சொல்லும் அறிவிப்பு மின்தூக்கியிலும் பேருந்து நிறுத்தத்திலும் கண்ணில் பட்டுவிடும். 1968 அக்டோபர் 1ஆம் தேதி அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ தூய்மை இயக்கத்தைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து அந்தக் குரல் ஓயவில்லை. அதையே 24 பக்கத்துக்கு நீட்டிப் படம் போட்டால் கிடைப்பது சுவரொட்டி. பிள்ளை ஒரு முறை பார்க்கும், மறுமுறை எடுக்காது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. தூய்மையையும் இயற்கையையும் ஒரே நூலில் வைத்தால் இரண்டும் மோதும். கீழே கிடப்பதையெல்லாம் பொறுக்கு என்று ஐந்தாம் பக்கத்தில் சொல்லிவிட்டு, மண்புழுவுக்குச் சருகு வேண்டும் என்று பதினைந்தாம் பக்கத்தில் சொன்னால் பிள்ளை எதை நம்பும்? மரத்தடியில் கிடக்கும் இலை மண்ணின் ஈரத்தைக் காக்கிறது. அதே இலை வடிகாலில் சேர்ந்தால் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடுகிறது. இலை மாறவில்லை, கிடக்கும் இடம்தான் மாறியது. இந்த ஒன்றை நூல் முழுக்க இழையாகக் கோத்துவிட்டால் மோதல் தானாகத் தீரும். ‘இது குப்பையா?’ என்று பிள்ளை கேட்டுக்கொண்டே போகட்டும். விடை சில நேரம் ஆம், சில நேரம் இல்லை, சில நேரம் ‘இங்கே ஆம், அங்கே இல்லை’. அடுத்த பக்கத்தைப் புரட்ட அதுவே காரணமாகிவிடும்.

கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்துக் கட்டிய நூலுக்கான வழிமுறை. உங்கள் கதை வேறாக இருந்தாலும் அளவுகளும் எச்சரிக்கைகளும் பொருந்தும்.

வயதும் சொற்களும்

முதலில் வயதை முடிவு செய்யுங்கள். ‘3 முதல் 10 வயது வரை’ என்று அட்டையில் போடும் நூல் யாருக்கும் சரியாகப் பொருந்தாது. 3, 4 வயதுக்குப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம், 4 முதல் 6 சொல். பாலர் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு, அதாவது 5, 6 வயதுக்கு, விரிபக்கத்துக்கு (திறந்தால் இடமும் வலமும் சேர்ந்து தெரியும் இரண்டு பக்கம்) 2 அல்லது 3 வாக்கியம், 20 சொல்லுக்குள். தொடக்கநிலை 1, 2 மாணவர் தாமே வாசிக்க வேண்டுமானால் விரிபக்கத்துக்கு 35 சொல் வரை போகலாம். இந்த வழிமுறை 5, 6 வயதை மனத்தில் வைத்தது. மொத்த நூலும் 200 சொல்லுக்குள் முடியும்.

ஆங்கிலப் படநூலுக்கு 500 சொல் என்பார்கள். அந்தக் கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். ‘கழுவிக்கொண்டிருந்தாள்’ ஒரே சொல்தான், ஆனால் 11 எழுத்து. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அது ஒரு மலை. ‘கழுவினாள்’ போதும். 8 எழுத்தைத் தாண்டும் சொல்லையெல்லாம் வட்டமிட்டுப் பாருங்கள். பாதியைச் சுருக்கிவிடலாம்.

இங்கே வீட்டு மொழி நிலவரத்தையும் மறக்கக்கூடாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழ் 2.5 விழுக்காடு. சருகு, வடிகால், கூட்டுப்புழு போன்றவை பல பிள்ளைகளுக்குப் புதுச் சொற்கள். இப்படிப்பட்டவை ஒரு நூலில் 8க்கு மேல் வேண்டாம். சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் குறைந்தது மூன்று முறை வரவேண்டும். முதல் முறை வரும்போது அந்தப் பொருள் அதே பக்கத்துப் படத்தில் பெரிதாகத் தெரிய வேண்டும். அகராதியைக் கடைசிப் பக்கத்தில் போட்டால் பிள்ளை அங்கே போகாது.

24 பக்கத்தைப் பிரிப்பது

நடுவில் கம்பி அடித்துக் கட்டும் நூலில் ஒரு தாளை மடித்தால் 4 பக்கம். ஆகவே பக்க எண்ணிக்கை 4இன் மடங்காக இருந்தே தீரவேண்டும். கதை 22 பக்கத்தில் முடிந்தால் 2 பக்கம் வெற்றாக நிற்கும், அல்லது அவசரத்தில் எதையாவது போட்டு நிரப்ப வேண்டிவரும். அட்டை நீங்கலாக 24 பக்கம் வசதியான அளவு. பக்கம் 1 தலைப்பு, பக்கம் 2 பதிப்பு விவரம், பக்கம் 3 கதையின் தொடக்கம், 4–5 முதல் 22–23 வரை 10 விரிபக்கங்கள், பக்கம் 24 பெரியவர்களுக்கு.

ஒரு ஏ4 தாளில் 13 கட்டம் வரைந்து, 1ஐயும் 24ஐயும் தனியாகவும் மற்றப் பக்கங்களை இரண்டிரண்டாகவும் எழுதி, எது எங்கே என்று பென்சிலால் குறியுங்கள். நம் கதைக்குக் குறித்தால் இப்படி வரும்:

பக்கம் 3: சனிக்கிழமை காலை. கவின் கையில் சிவப்பு இடுக்கி, ஒரு பை. இன்று அவன் துப்புரவுப் படைத் தலைவன்.

4–5: வீட்டுக் கூடம். தரையில் பொம்மைக் கார், ஒற்றைக் காலுறை, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி. எதுவும் குப்பை இல்லை, எல்லாம் இடம் தவறிக் கிடக்கின்றன.

6–7: சமையலறை. காலியான பால் பெட்டி. அலசி, மடித்து, மறுசுழற்சிக்கு.

8–9: தாழ்வாரம். பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர். கவிழ்த்துத் துடைக்க வேண்டும்.

10–11: கறிவேப்பிலைச் செடி. இலையில் ஏதோ அழுக்கு. இடுக்கியை நீட்டும் கையைப் பாட்டி பிடிக்கிறார்.

12–13: கீழே வடிகாலில் இலைக் குவியல். துப்புரவு அங்கிள் அதை அள்ளுகிறார்.

14–15: மரத்தடியில் இலை. கவின் அள்ளப் போகிறான், அங்கிள் தலையசைக்கிறார். எழுத்தே வேண்டாம்.

16–17: உணவங்காடி நிலையம். தட்டைத் திருப்பி வைக்கிறார்கள். மேசையில் மீந்த ரொட்டி. மைனா காத்திருக்கிறது. போடுவதா?

18–19: கால்வாய் ஓரம். குளிர்பானக் குவளை ஒன்று கம்பித் தடுப்பில் சிக்கியிருக்கிறது. எதிர்ப்புறம் நீர்நாய்கள்.

20–21: மீண்டும் கறிவேப்பிலை. தண்டில் ஒட்டிய காய்ந்த இலை போன்ற ஒன்று. ‘பாட்டி, இது...?’

22–23: வண்ணத்துப்பூச்சி.

12–13ம் 14–15ம் அடுத்தடுத்து வருவது தற்செயல் இல்லை. நூலின் முதுகெலும்பு அந்த இரண்டு விரிபக்கங்கள்தான். இரண்டிலும் ஒரே கோணம், ஒரே நிறத்து இலை, ஒரே இரண்டு பேர். இடம் மட்டும் மாறுகிறது. ஓவியர் இரண்டையும் வேறுவேறு அழகில் வரைந்துவிட்டால் ஒப்பிடும் வாய்ப்புப் போய்விடும். ‘சருகு மண்ணுக்கு உரம்’ என்று கீழே ஒரு வரி சேர்க்கக் கை ஊறும். சேர்க்காதீர்கள். சருகுக்கு அடியில் ஒரு மண்புழு, ஒரு மரவட்டை, ஒரு முளை ஆகியவற்றை வரைந்தால் போதும். பிள்ளைகளே காட்டுவார்கள்.

கறிவேப்பிலைப் பக்கம்

இந்த ஊரில் தமிழர் வீட்டு வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்பது வழக்கம். காமன் மார்மன் எனப்படும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி அதைத் தேடி வந்து முட்டையிடும். கறிவேப்பிலை, எலுமிச்சை இரண்டும் அதன் புழுவுக்கு உணவு. ஆகவே தாழ்வாரத்துத் தொட்டியிலேயே கதைக்கு வேண்டிய உயிரினம் இருக்கிறது, காட்டுக்குப் போக வேண்டியதில்லை.

இந்தப் புழு 5 பருவங்களாக வளரும். முதல் 4 பருவங்களில் பழுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு, பார்ப்பதற்கு அசல் பறவை எச்சம்தான். பறவைகள் ஏமாறுவதற்கான வேடம் அது. கவினும் ஏமாறலாம். ஐந்தாம் பருவத்தில் தோல் உரித்துப் பச்சையாகிவிடும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்றை வெளியே நீட்டும், நாற்றம் அடிக்கும். 10–11இல் இதையெல்லாம் எழுதத் தேவையில்லை. ஆனால் ஓவியர் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பச்சைப் புழுவை வரைந்து ‘அழுக்கு’ என்று எழுதிய நூலாகிவிடும். பச்சைப் புழுவை எந்தப் பிள்ளையும் அழுக்கு என்று நினைக்காது.

முட்டை பொரிக்க ஏறத்தாழ 3 நாள், புழு வளர இரண்டு, மூன்று வாரம், கூட்டுப்புழுவாக ஏறத்தாழ 10 நாள். இதில் ஒரு பொறி இருக்கிறது: கதை ஒரே சனிக்கிழமையில் நடந்தால் வண்ணத்துப்பூச்சி வெளியே வராது. பக்கம் 3இலும் 20–21இலும் 22–23இலும் சுவரில் நாள்காட்டி ஒன்று தொங்கட்டும், தேதி மாறட்டும். முதல் சனிக்கிழமை எச்சம் போன்ற புழு, இரண்டு வாரம் கழித்துக் கூட்டுப்புழு, அதற்கும் ஒன்றரை வாரம் கழித்துச் சிறகு. கவினின் சட்டையும் மாறட்டும். கூட்டுப்புழு தலை மேலாக, இடுப்பில் ஒரு பட்டு நூலால் தண்டோடு கட்டியபடி சாய்ந்து நிற்கும். தலைகீழாகத் தொங்க விட்டால் அது வேறு குடும்பத்து வண்ணத்துப்பூச்சி. வெளியே வருவது ஆணாக இருந்தால் கறுப்புச் சிறகு, பின்சிறகின் குறுக்கே வெள்ளைத் திட்டு வரிசை, நுனியில் வால் போன்ற நீட்சி. கறுப்பும் வெள்ளையும் அழகாக இருக்காது என்று செம்மஞ்சள் பூசிவிடுவது ஓவியர்களுக்கு வழக்கம். கண்டிப்பாகத் தடுக்க வேண்டிய தவறு அது.

புழு வளர்ந்தால் செடி மொட்டையாகும், பாட்டியின் ரசத்துக்கு இலை மிஞ்சாது. அதையும் மறைக்க வேண்டாம். ‘இந்தக் கிளை உனக்கு, அந்தக் கிளை எனக்கு’ என்று பாட்டி புழுவிடம் சொல்வது ஒரு நல்ல வரி. இயற்கையைப் பேணினால் கொஞ்சம் இழப்பும் உண்டு என்பதை எந்த அறிவுரையும் இல்லாமல் அது சொல்லிவிடும்.

தாழ்வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தீயணைப்பு விதிப்படி அங்கே குறைந்தது 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும். தாழ்வாரம் நிறையத் தொட்டி வைத்து வரைந்தால் பார்க்க அழகுதான், ஆனால் தூய்மை பற்றிய நூலில் அது பொருந்தாது.

ஓவியருக்குத் தரவேண்டிய குறிப்பு

ஓவியர் பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ இருப்பார். திறமையில் குறை இருக்காது, ஆனால் கை பழகியது அந்த ஊர். அணில் என்றதும் முதுகில் மூன்று கோடு விழும். இங்கே அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஓடும் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது. பழுப்பு முதுகு, விலாவில் கறுப்பும் வெளிர்நிறமுமாகப் பட்டை, வயிறு செம்பழுப்பு. மைனாவும் அப்படித்தான். உணவங்காடியில் தட்டுக்குத் தட்டு தாவுவது பெரும்பாலும் ஜாவா மைனா. உடல் கருஞ்சாம்பல், அலகும் காலும் மஞ்சள், நெற்றியில் சிறு கொண்டை. பழுப்பு உடலும் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலும் கொண்டது இந்தியாவில் நிறையக் காணும் மைனா.

நீர்நாய்க்கு வேறு வகைத் தவறு. இணையத்தில் படம் தேடி வரைபவர்கள் அதை மல்லாந்து மிதக்கவிட்டு வயிற்றில் சிப்பியை வைத்துவிடுவார்கள். அது கடல் நீர்நாய், பசிபிக் பெருங்கடலின் வடபகுதியில் வாழ்வது. பீஷான் – அங் மோ கியோ பூங்காவிலும் காலாங் ஆற்றிலும் இருப்பவை குடும்பமாகத் திரிந்து மீன் பிடிப்பவை, கரையேறி மணலில் புரள்பவை. அந்தப் பூங்காவில் சிமென்ட் கால்வாயாக இருந்ததை வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். 18–19க்குப் பின்னணி வேண்டுமானால் அந்த இடத்தின் புகைப்படங்களை அனுப்புங்கள்.

இலையுதிர்காலமும் வேண்டாம். இங்கே இலைகள் ஒரே நேரத்தில் செம்மஞ்சளாகிக் கொட்டுவதில்லை. மரத்தடிக்கு ஒரு மரம் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் தூங்குமூஞ்சி மரம் நல்லது. குடை போல விரியும், சிறிய இலைகள், சாலையோரத்தில் எங்கும் காணலாம். அது இங்கே பிறந்த மரம் இல்லை, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. ‘நம் மண்ணின் மரம்’ என்று எழுதிவிடாதீர்கள். மண்ணின் மரமே வேண்டுமென்றால் தெம்புசு. 5 வெள்ளி நோட்டில் இருக்கிறது, பெற்றோர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பொருள்களில் தொட்டிகளைக் கவனியுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் கீழே இருக்கும் மறுசுழற்சித் தொட்டி நீலம், ஒன்றே ஒன்று. தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கும் அதிலேயே. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று தொட்டி வரைந்தால் பிள்ளை கீழே போய்த் தேடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி நீலத் தொட்டிக்குள் போவதில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை மறுசுழற்சி செய்ய முடிவதில்லை. உணவு ஒட்டிய பெட்டிகளும், அதில் போடவே கூடாத பொருள்களும் காரணம். படநூல்களில் அடிக்கடி வரும் காட்சி, பழைய கரடி பொம்மையை நீலத் தொட்டியில் போடுவது. அது தவறு. பொம்மை, துணி, காலணி எதுவும் அதில் போகாது, நன்றாக இருந்தால் வேறொருவருக்குக் கொடுக்கலாம். மெல்லிழைத் தாளும் நுரைப்பெட்டியும் சாதாரணக் குப்பைதான். பால் பெட்டியை அலசுவது என்றால் பளபளக்கத் தேய்ப்பது இல்லை. ஒரு வாய் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டினால் போதும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் படம் தண்ணீரை வீணாக்கக் கற்றுத்தரும்.

துப்புரவு ஊழியரை எப்படி வரைகிறோம் என்பது எங்களைப் பொறுத்தவரை இந்த வகை நூலுக்கு உரைகல். பின்னணியில் குனிந்த உருவமாக, முகம் இல்லாமல் வைப்பது, அல்லது ‘பாவம், அங்கிள் களைத்துப்போவார்’ என்று இரக்கத்துக்கு இழுப்பது, இரண்டும் வேண்டாம். இந்தக் கதையில் எந்த இலையை அள்ள வேண்டும், எதை விடவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். முகம் தெளிவாக, கவினின் கண்மட்டத்துக்கு அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி வரையச் சொல்லுங்கள்.

வரையத் தொடங்குமுன் கவின், பாட்டி, அங்கிள் மூவருக்கும் முன், பக்கவாட்டு, பின் தோற்றம் கொண்ட ஒரு தாளும், எல்லா விரிபக்கங்களுக்கும் பென்சில் கோட்டோவியமும் வாங்கிவிடுங்கள். திருத்தம் எல்லாம் அந்த நிலையிலேயே. வண்ணம் பூசிய பிறகு அணிலின் கோட்டை அழிக்கச் சொன்னால் நட்பும் போகும், பணமும் போகும்.

உண்மைச் சரிபார்ப்பில் நான்கு இடம்

18–19இல் பலர் எழுதுவது: ‘வடிகாலில் போட்ட குப்பை கடலுக்குப் போய் ஆமையைக் கொல்லும்.’ சிங்கப்பூரில் முதலில் சொல்ல வேண்டியது அது அல்ல. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே விழும் மழைநீர் வடிகால், கால்வாய் வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. அதாவது அந்தக் குவளை போகும் திசை கவினின் சொந்தக் குடிநீர். ஆமையைவிட இது பிள்ளைக்குக் கிட்டத்தில் இருக்கும் விஷயம், உண்மையும்கூட. வழியில் கம்பித் தடுப்புகளும் மிதவைகளும் குப்பையைப் பிடிக்கின்றன. அதனால்தான் குவளையைத் தடுப்பில் சிக்கவைத்தோம்.

வீட்டுக் குப்பைக் குழாயில் போடுவது எங்கே போகிறது என்று பிள்ளை கேட்டால், ‘குப்பைமேட்டுக்கு’ என்பது முழு விடை இல்லை. எரியாலையில் எரித்தால் அளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறையும். மிஞ்சும் சாம்பல் படகில் செமக்காவ் தீவு நிரப்பு நிலத்துக்குப் போகிறது. 1999இல் இயங்கத் தொடங்கிய அந்த இடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள். இதைக் கதைக்குள் திணிக்காமல் 24ஆம் பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

மைனாவுக்கு ரொட்டி போடுவதா என்ற 16–17இன் விடை ‘வேண்டாம்’. 2020 முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி காட்டுயிர்களுக்கு உணவளிப்பது குற்றம், முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். கதையில் அபராதம் வேண்டாம். மீந்த ரொட்டியைக் கவின் தானே தின்றுவிடட்டும், மைனா அவனை முறைக்கட்டும். பிள்ளைகள் சிரிக்கும் பக்கம் அது. தட்டைத் திருப்பி வைக்கும் விதி உணவங்காடிகளில் 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது என்பதும் பெரியவர் பக்கத்துக்கே உரியது.

8–9இல் பாட்டி சொல்லக்கூடியது: தட்டு, வாளி, பூச்சாடி எதிலும் தண்ணீர் தேங்க விடாதே. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்க வேண்டும். கொசுவை வரைந்தால் கறுப்புக் காலில் வெள்ளை வளையம் இருக்கட்டும்.

மொழி

கதை சொல்லும் வரி எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில். இது பள்ளிகளுக்கும் பழகிய முறை. ஆனால் ஒரே ஆள் ஒரு பக்கத்தில் ‘வாருங்கள்’ என்றும் அடுத்ததில் ‘வாங்க’ என்றும் பேசக்கூடாது. திரும்பத் திரும்ப வரும் வரியைப் பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாகவே இருக்கும்படி தேர்ந்தெடுத்தால் பாதித் தொல்லை குறையும். ‘பாட்டி, இது குப்பையா?’ அப்படிப்பட்டது. கவின் பாட்டியை ‘நீங்க’ என்பான், அங்கிளையும் அப்படியே. பாட்டி அவனை ‘டேய்’ என்று கூப்பிட்டால் குற்றமில்லை, கையைப் பிடிக்கும் அவசரத்தில் அதுதான் வரும்.

‘கூடாது’, ‘போடாதே’ இரண்டும் நூல் முழுக்கச் சேர்ந்து இரண்டு முறைக்கு மேல் வந்தால் வெட்டுங்கள். ஊர்ச் சொற்கள் உள்ளூரில் புழங்குபவையாக இருக்கட்டும்: வெள்ளி, காசு, பேரங்காடி, உணவங்காடி, புளோக். மெய்ப்புப் பார்ப்பவர் குறிப்பாகத் தேட வேண்டியவை: ‘நீலத் தொட்டி’, ‘குப்பைத் தொட்டி’யில் ஒற்று, ‘சுவற்றில்’ என்று இருந்தால் ‘சுவரில்’, மற்றும் ல, ள, ழ.

எழுத்துரு, பக்க அமைப்பு

தமிழ்ப் படநூல்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில். ஓவியர் நன்றாக வரைந்திருப்பார், எழுத்தை வைப்பவருக்குத் தமிழ் தெரியாது.

கோடு ஒரே தடிப்பில் வரும் யூனிகோட் எழுத்துரு எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், போதுமானது. எந்த எழுத்துரு என்றாலும் முதலில் ‘ராரா’ என்று அடித்துப் பாருங்கள். சில எழுத்துருக்களில் ‘ர’வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். எழுத்துக் கூட்டும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ‘ர’வின் கால் கீழே சாய்ந்து இறங்கும் எழுத்துருதான் வேண்டும். அளவு 22 புள்ளி, வரிக்கு வரி 33 புள்ளி. மேலே புள்ளியும் கீழே ‘ழு’, ‘ளூ’ போன்றவற்றின் வாலும் இருப்பதால், ஆங்கிலத்துக்குப் போதும் இடைவெளி தமிழுக்கு நெருக்கும். இடப்பக்கம் மட்டும் நேராக்குங்கள். இருபக்கமும் நேராக்கினால் நீளச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். வரி முடிவில் சொல்லை உடைக்கவே கூடாது.

இன்டிசைன், ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொசு’வையும் ‘பை’யையும் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பிரதி என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை மறுபடியும் முழுதாக மெய்ப்புப் பாருங்கள். மாற்றும்போது எழுத்துகள் விழுவது உண்டு. அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப் கோப்பில் எழுத்துரு உட்பொதிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே வெறும் கட்டங்களாகத் திறக்கும்.

எழுத்தைப் படத்தின் அடர்ந்த இலைகளுக்கு மேல் வைக்காதீர்கள். கோட்டோவியத்திலேயே வானம், சுவர், தரை என்று எழுத்துக்கு வெற்றிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். நடு மடிப்பிலிருந்து இருபுறமும் 12 மில்லிமீட்டருக்குள் முகமோ எழுத்தோ வேண்டாம்.

மாதிரி நூல், சோதனை

வீட்டு அச்சுப்பொறியில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, மடித்து, நடுவில் தைத்து ஒரு மாதிரி செய்யுங்கள். கணினித் திரையில் தெரியாதவை எல்லாம் பக்கம் புரட்டும்போது தெரியும். முக்கியமாக விடை, கேள்வி இருக்கும் அதே விரிபக்கத்தில் வந்துவிட்டதா என்று பாருங்கள். கேள்வி வலப்பக்கத்தின் கீழே, விடை புரட்டிய பின். உரக்க வாசித்தால் 6, 7 நிமிடத்தில் முடிய வேண்டும்.

உங்கள் பிள்ளையைத் தவிர ஐந்தாறு பிள்ளைகளிடம், வீட்டில் ஆங்கிலம் பேசும் ஒன்றிரண்டு பேராவது சேர்ந்திருக்க, வாசித்துக் காட்டுங்கள். ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், பயனில்லை. ‘இந்த இலையை ஏன் எடுத்தாங்க, அந்த இலையை ஏன் விட்டாங்க?’ என்று கேளுங்கள். பாதிப் பேர் சொல்லவில்லை என்றால் கோளாறு 12 முதல் 15 வரை உள்ள பக்கங்களில். எழுத்தைச் சேர்க்காதீர்கள், படத்தை மாற்றுங்கள்.

அச்சும் பதிவும்

210க்கு 210 மில்லிமீட்டர் சதுரம், சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டு மிச்சம் (வெட்டும்போது போய்விடும் ஓரம்), படங்கள் அதே அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி. உள்தாள் சதுர மீட்டருக்கு 157 கிராம் மங்கல் பூச்சு, அட்டை 260 முதல் 300 கிராம். பளபளப்புத் தாள் வேண்டாம். ஆசிரியர் வகுப்பில் தூக்கிக் காட்டும்போது விளக்கொளி பட்டுப் படம் மறையும்.

இயற்கை நூலுக்கென்றே ஒரு தொல்லை: திரையில் ஒளிரும் பச்சை அச்சில் மங்கிவிடும். ஆர்ஜிபியிலிருந்து (திரையின் நிற முறை) சிஎம்ஒய்கேக்கு (நான்கு மை அச்சு முறை) மாறும்போது முதலில் சாவது பளிச்சென்ற பச்சைதான். ஓவியர் தொடக்கத்திலிருந்தே சிஎம்ஒய்கேயில் வேலை செய்தால் ஏமாற்றம் இல்லை. இல்லையென்றால் 14–15ஐ மட்டுமாவது தாளில் மாதிரி அச்செடுத்துப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். எழுத்தின் கறுப்பு தனிக் கறுப்பு மை மட்டுமாக இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பு என்றால் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் புள்ளிகள் இரட்டையாகத் தெரியும், ‘க்’ எது ‘க’ எது என்று புரியாது. சில நூறு படிகள் வரை டிஜிட்டல் அச்சு கட்டுப்படியாகும், அதற்கு மேல் ஆஃப்செட் (தகடு வைத்து அச்சிடும் முறை).

ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) தேசிய நூலக வாரியத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூர் எண்கள் 978-981 என்று தொடங்குவது வழக்கம். அச்சுக்கு அனுப்புமுன் எண் கையில் இருந்தால்தான் பக்கம் 2இலும் பின்னட்டைப் பட்டைக்குறியிலும் போட முடியும். நூல் வெளியான 4 வாரத்துக்குள் 2 படிகளை வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டக் கடமை, சொந்த வெளியீடு என்றாலும்.

24ஆம் பக்கத்தில் பெரியவர்களுக்கான குறிப்பை 120 சொல்லுக்குள் அடக்குங்கள். நடக்கப் போகும்போது இடுக்கியும் கையுறையும். உடைந்த கண்ணாடி, ஊசி, செத்த பறவை எதையும் பிள்ளை தொடக்கூடாது. புழுவை மூடிய புட்டியில் அடைக்க வேண்டாம். பூங்காவில் பூ பறிக்க வேண்டாம். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கைகழுவல். அபராதத் தொகை, விதிகள் நடப்புக்கு வந்த தேதி, செமக்காவ் கணிப்பு என மாறக்கூடியவை எல்லாம் இந்த ஒரு பக்கத்திலேயே இருக்கட்டும். மறுபதிப்பின்போது இதை மட்டும் திருத்தி அனுப்பலாம், கதைப் பக்கங்களில் கை வைக்க வேண்டியிருக்காது.